கனடாவில் பூர்வகுடிகளுக்குக் கொடுக்கும் காசு யாருடைய காசு?

கனடாவில் இருந்து வரும் தொலைபேசிப் பேச்சில் வீட்டு வாடகை, பனி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்த பிறகு சில வேளைகளில் இந்தக் கதையும் வரும். "இஞ்ச ஆதிவாசியளுக்கு அரசாங்கம் பில்லியன் கணக்கில காசு குடுக்குது. நாங்கள் ரெண்டு வேலை செய்து கட்டுற வரி எல்லாம் அங்கதான் போகுது." யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்பவருக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் தெரியாது. "அப்படியோ" என்று கேட்டுக்கொள்வோம். அடுத்த நாள் சந்தியில் அதையே இன்னொருவருக்குச் சொல்வோம். நட்டஈடு என்ற விடயத்தில் நம்மைப் போல அடிபட்ட ஒரு சமூகம் இதை இவ்வளவு எளிதாகக் கடந்துபோகக் கூடாது என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தொகை பெரியது என்பது உண்மை. அதை உதவிப்பணம் என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது. பூர்வகுடிகளுக்காக ஓர் அரசு செலவழிக்கும் காசில் இரண்டு வகை உண்டு. பாடசாலை, வைத்தியசாலை, குடிநீர், வீதி என்று ஆண்டுதோறும் செலவாகும் காசு ஒன்று. அது எந்தக் குடிமகனுக்கும் அரசு செய்யவேண்டிய கடமை. மற்றது, செய்தித் தலைப்பில் பில்லியனாக வந்து நிற்கும் காசு. அது பெரும்பாலும் அரசு வழக்கில் தோற்றதால், அல்லது தோற்கப்போகிறோம் என்று அதன் சட்டத்தரணிகளுக்கே விளங்கியதால், பேசித் தீர்த்த பழைய கடன். தெருவாதத்தில் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். இங்கே பேசப்போவது இரண்டாவது காசைப் பற்றி.

பிள்ளைகளுக்கு நடந்தது

யாழ்ப்பாணத்தில் விடுதியோடு கூடிய மிஷன் பாடசாலை என்றால் ஒரு மதிப்பு. அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலை இன்றும் நடக்கிறது. அங்கே படித்த அம்மம்மாவின் கதையைப் பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் 'கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைத் திருச்சபைகள் விடுதியில் வைத்துப் படிப்பித்தன, அதற்கு இப்போது நட்டஈடு கேட்கிறார்கள்' என்று கேள்விப்பட்டால், படிப்பித்ததற்கு நட்டஈடா என்ற வியப்பு நமக்கு வருவது இயல்பு.

ஆனால் நடந்தது வேறு. இங்கே மதம் மாற்றும் நோக்கம் இருந்தது உண்மைதான். ஆனாலும் பெற்றோர் தாமாக அனுப்பினார்கள், பிள்ளை தமிழிலும் படித்தது, விடுமுறைக்கு வீடு வந்தது. கனடாவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இருந்து 1990களின் கடைசி வரை ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் இந்த விடுதிப் பாடசாலைகளுக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். காசு கொடுத்தது அரசு, நடத்தியது பெரும்பாலும் திருச்சபைகள். 1920இல் சட்டத்தைத் திருத்தி வருகையைக் கட்டாயமாக்கினார்கள். பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோருக்குத் தண்டனை. தாய்மொழியில் பேசிய பிள்ளைக்கு அடி. பிள்ளைக்குள் இருக்கும் பூர்வகுடியை இல்லாமல் செய்வதே அந்தத் திட்டத்தின் நோக்கம், அதை அன்றைய அதிகாரிகள் மறைக்கவும் இல்லை. பாடசாலைகளில் காசநோயால் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று 1907இலேயே அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பீற்றர் பிறைஸ் அறிக்கை எழுதினார். அவர் சொன்ன மாற்றங்களை அரசு செய்யவில்லை. அங்கே இறந்த 4,100க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்கள் இதுவரை ஆவணமாகியிருக்கின்றன. இவை தவிர பாலியல் துன்புறுத்தலும் கொடும் அடியும் பல பாடசாலைகளில் நடந்தன.

வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். அவை ஒன்றாகச் சேர்ந்து, 2006இல், அதுவரையான கனடாவின் வரலாற்றிலேயே பெரிய கூட்டு வழக்குத் தீர்வாக முடிந்தன. அது 2007 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தீர்வின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் பிறகு வந்த பலவற்றின் அமைப்பும் விளங்கும்.

முதலாவது, அங்கே வசித்த எல்லாருக்கும் உரிய பொதுக் கொடுப்பனவு. முதல் ஆண்டுக்கு 10,000 டொலர், அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000. ஆறு ஆண்டு இருந்தவருக்கு 25,000 டொலர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், 79,000 பேரளவில் பெற்றார்கள். மற்றவர்களில் பலர் மறுக்கப்பட்டதற்குக் காரணம் பதிவேடு இல்லாமை. பிள்ளையைக் கொண்டுபோனவன் வரவு இடாப்பைத் தொலைத்துவிட்டான், அதன் பாரம் மட்டும் பிள்ளையின் தலையில். ஆவணம் எரிந்துபோன ஊரில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பாலியல் கொடுமைக்கும் கடும் வன்முறைக்கும் ஆளானவர்களுக்கான தனி விசாரணை. 38,000 பேரளவில் விண்ணப்பித்தார்கள், கொடுத்த தொகை 3 பில்லியனைத் தாண்டியது. இங்கே பணத்தைத் தீர்மானித்தது ஒரு புள்ளி அட்டவணை. எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, அதனால் வாழ்க்கையில் வந்த பாதிப்புக்கு எத்தனை புள்ளி என்று. அறுபது வயதில் ஓர் அறையில் இருந்து, ஏழு வயதில் தனக்கு நடந்ததை அந்நியர் ஒருவருக்குச் சொல்லவேண்டும், அவர் அதற்குப் புள்ளி போடுவார். சும்மா கிடைத்த காசு என்று பேசுபவர்கள் இந்த அறையை ஒருதரம் மனதில் காணவேண்டும். அந்த வாக்குமூலங்களை என்ன செய்வது என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போனது. சொன்னவர் வைத்திருக்கச் சம்மதித்தால் அன்றி, 15 ஆண்டுக்குப் பிறகு அவற்றை அழித்துவிட வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது.

மூன்றாவது, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு. அதுவும் இந்த வழக்குத் தீர்வின் ஒரு பகுதிதான், அரசு தானாக விரும்பி அமைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. 2015இல் அது 94 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது, நடந்ததைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று குறித்தது. பிரதமர் ஸ்ரீபன் ஹாப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 யூன் 11இல்.

திருச்சபைகளின் பங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். கத்தோலிக்க அமைப்புகள் 25 மில்லியன் டொலர் திரட்ட முயற்சி செய்வதாக ஒப்புக்கொண்டன. திரண்டது 4 மில்லியனுக்கும் குறைவு. 2015இல் நீதிமன்றம் அந்தப் பொறுப்பில் இருந்து அவற்றை விடுவித்துவிட்டது. ஒப்பந்தத்தில் 'இயன்றளவு முயல்வோம்' என்று எழுதுவதற்கும் 'தருவோம்' என்று எழுதுவதற்கும் இடையில் இத்தனை மில்லியன் இருக்கிறது.

இந்தத் தீர்வின் வாசலுக்கு வெளியே நின்றவர்களும் பலர். அதே பாடத்திட்டத்தில், அதே அடியை வாங்கி, ஆனால் இரவில் வீட்டுக்குப் போன பகல் பாடசாலைப் பிள்ளைகள் இதில் சேரவில்லை. அவர்கள் தனியாக வழக்காடி, 2019இல்தான் தீர்வு பெற்றார்கள். பாதிப்பின் அளவைப் பொறுத்து ஒருவருக்கு 10,000 முதல் 2,00,000 டொலர் வரை.

நிலத்துக்கு நடந்தது

இன்னொரு வகைக் கடன் ஒப்பந்தங்களில் இருந்து வருவது. இதைக் காணியும் உறுதியும் தெரிந்த யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்வது எளிது.

உங்கள் பூட்டன் பத்துப் பரப்புக் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். விளைச்சல் கூடினால் குத்தகையும் கூடவேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. குத்தகைக்காரர் கிணறு வெட்டி, புகையிலை வைத்து, வெங்காயம் வைத்து, மாடி வீடும் கட்டிவிட்டார். குத்தகை மட்டும் தலைக்கு நாலு ரூபாயாகவே நிற்கிறது. பூட்டன் போய், பேரன் போய், இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

ஒன்ராறியோவில் ஹியூரன் ஏரியின் வடகரையில் நடந்தது இதுதான். 1850இல் அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களோடு முடியரசு, அதாவது பிரித்தானிய முடியின் பெயரால் ஆளும் அரசு, செய்த ரொபின்சன் ஒப்பந்தத்தில், அந்த நிலத்தின் வருமானம் கூடினால், அரசுக்கு நட்டம் வராத அளவில், ஆண்டுக் கொடுப்பனவும் கூடும் என்று எழுதியிருந்தது. 1875இல் அது தலைக்கு 4 டொலர் ஆனது. அதன் பிறகு கூடவே இல்லை. அதே நிலத்தில் சட்பரியின் நிக்கல் சுரங்கங்களும் மரத்தொழிலும் பெரும் செல்வத்தை எடுத்துத் தந்தன. 21 பூர்வகுடிச் சமூகங்கள் வழக்காடின. 2023இல் 10 பில்லியன் டொலருக்குத் தீர்வு வந்தது, மத்திய அரசு பாதி, ஒன்ராறியோ மாகாணம் பாதி. மறு ஆண்டு யூலையில் கனடாவின் உச்ச நீதிமன்றமும் முடியரசு தன் வாக்கை நேர்மையற்ற முறையில் மீறியது என்று தீர்ப்பளித்தது.

10 பில்லியன் என்றதும் மலைத்துப்போகிறோம். நாலு டொலரில் நின்ற அந்த ஒன்றரை நூற்றாண்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் உறவினர் வாழும் ரொறன்ரோவின் கதை இன்னும் நெருக்கமானது. 1787இல் அந்த நிலத்தை மிசிசாகா மக்களிடம் வாங்கியதாகப் பிரித்தானியர் சொன்னார்கள். பிறகு உறுதியைத் தேடி எடுத்தபோது அதில் நிலத்தின் விவரமே இல்லை. வெற்றுத் தாள், அதில் தலைவர்களின் குறிகள் தனித் துண்டுகளில் எழுதி ஒட்டியிருந்தன. குறையைச் சரிசெய்ய 1805இல் புதிதாக எழுதினார்கள். 2,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு அப்போது கொடுத்த காசு பத்துச் சிலிங். 2010இல் கனடா அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்தக் கோரிக்கையைத் தீர்த்தது. உறுதியில் ஓர் எல்லை பிழைத்தால் மூன்று தலைமுறை வழக்காடும் நாம், வெற்று உறுதியில் எழுந்த ஒரு மாநகரத்தைப் பற்றி என்ன சொல்வோம்?

தீர்வு எப்படி உருவாகிறது

பொதுவாக இப்படித்தான். ஒரு வழக்கோ கோரிக்கையோ பல ஆண்டு இழுபடும். அரசு எதிர்த்து வாதாடும், மேன்முறையீடு செய்யும். ஏதோ ஒரு தீர்ப்பில் காற்று மாறும். பிறகு மேசையில் அமர்வார்கள். வந்த உடன்பாட்டைச் சமூகம் வாக்களித்து ஏற்கவேண்டும், அல்லது கூட்டு வழக்கு என்றால் நீதிமன்றம் இது நியாயமானதா என்று பார்த்து ஒப்பவேண்டும். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளத் தவணை உண்டு. 2006 தீர்வில் 5,000க்கு மேற்பட்டோர் விலகினால் முழு ஒப்பந்தமுமே செல்லாது என்று விதி இருந்தது.

செய்திகளில் இடம்பெறாத, ஆனால் எல்லாவற்றிலும் கனமான வரி ஒன்று ஒவ்வோர் உடன்பாட்டிலும் இருக்கும். காசை ஏற்பவர் இதே விடயத்துக்காக இனி அரசின் மீது வழக்குப் போடமாட்டார் என்ற விடுவிப்பு வரி. அரசு காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். அதனால் தொகையை மட்டும் பார்த்து ஒரு தீர்வை மதிப்பிட முடியாது. எந்த உரிமையை விட்டுக்கொடுத்து இதைப் பெற்றார்கள் என்றும் பார்க்கவேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, குழந்தை நலச் சேவை வழக்கு. பூர்வகுடிக் குடியிருப்புகளில் வாழும் பிள்ளைகளின் நலச் சேவைக்கு அரசு மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதிலும் குறைவாகக் கொடுக்கிறது என்று சிண்டி பிளாக்ஸ்ரொக் தலைமை தாங்கும் அமைப்பும், பூர்வகுடிச் சமூகங்களின் கூட்டமைப்பான முதற்குடிகள் பேரவையும் 2007இல் முறையிட்டன. காசு குறைவென்பதால் குடும்பத்துக்கு உதவுவதற்குப் பதில் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார்கள். இதோடு சேர்ந்தது ஜோர்டன் ரிவர் அண்டர்சன் என்ற சிறுவனின் கதை. மனிற்றோபா மாகாணத்தில் நோயோடு பிறந்த அவன் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு கொடுப்பதா மாகாணம் கொடுப்பதா என்ற இழுபறியில் வைத்தியசாலையிலேயே இருந்தான். 2005இல், ஐந்து வயதில், ஒரு நாளும் தன் வீட்டில் உறங்காமல் இறந்துபோனான்.

2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் இது பாகுபாடு என்றது. 2019இல் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தலா 40,000 டொலர் கொடுக்கச் சொன்னது. அரசு அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. பிறகு 20 பில்லியனுக்கு உடன்பாடு வந்தது. 2022இல் தீர்ப்பாயம் அந்த உடன்பாட்டையும் ஏற்க மறுத்தது. தொகை பெரிதாக இருந்தும், நட்டஈடு பெறவேண்டிய சிலர் அதில் விடுபட்டுப்போனதே காரணம். கடைசியில் 23.34 பில்லியனாக உயர்ந்து 2023 ஒக்ரோபரில் நீதிமன்றத்தின் ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே பில்லியன் கணக்கில் தருகிறோமே என்று அரசு சொன்னபோது சரி என்று தலையாட்டியிருந்தால், விடுபட்ட பிள்ளைகள் விடுபட்டே போயிருப்பார்கள்.

வாதங்கள்

அதிகம் கேட்பது: நான் செய்யாத பிழைக்கு என் வரியில் இருந்து ஏன்? 1983க்குப் பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்த நம்மவர் இதைக் கேட்கும்போது அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கடன்பட்டிருப்பது அங்கே வாழும் ஆட்கள் அல்லர், அரசு. அரசு ஆள் மாறினாலும் தொடர்வது. முந்திய அரசாங்கம் எடுத்த கடனை இன்றைய அரசாங்கம் கட்டவேண்டும் என்பது இலங்கையில் வாழும் நமக்கு 2022க்குப் பிறகு நன்றாகவே தெரியும். புதிதாகக் குடியேறியவருக்கு அந்த நாட்டின் வீதியும் வைத்தியசாலையும் கிடைப்பதுபோலவே அதன் கடனிலும் பங்கு வருகிறது. மேலும், பழங்காலத்துப் பிழை என்பதும் முழு உண்மை இல்லை. கடைசி விடுதிப் பாடசாலை மூடப்பட்டபோது நம்மவர் பலர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்தது: காசைக் கொடுத்தால் வீணடித்துவிடுவார்கள். இது எனக்குக் கோபம் வரும் பேச்சு. கடனைத் திருப்பிக் கேட்பவரிடம், நீ அதை எப்படிச் செலவழிப்பாய் என்று எந்தக் கடனாளியும் கேட்பதில்லை. ஆனாலும் காசு வந்த இடத்தில் உண்மையான தொல்லைகளும் வந்தன. பழைய காயம் கிளறப்பட்ட அதே கிழமையில் கையில் பெருந்தொகை வந்ததால் தடுமாறிய முதியவர்கள் இருந்தார்கள். அவர்களைச் சுற்றிய கடன்கொடுப்போரும் தரகர்களும் இருந்தார்கள். சட்டத்தரணிகளின் கட்டணம் தனிப் பிரச்சினை. ரொபின்சன் ஹியூரன் தீர்வில் 510 மில்லியன் டொலர் வழக்குக் கட்டணமாகப் போக இருந்ததை அந்தச் சமூகங்களில் இரண்டு எதிர்த்து நீதிமன்றம் போயின. தீர்வுத் தொகை தனியாளுக்கா, சமூகத்தின் பொது நிதிக்கா, இனிப் பிறக்கும் பிள்ளைக்கு என்ன பங்கு என்பவை அந்த மக்களே தமக்குள் கடுமையாக வாதாடும் கேள்விகள். வெளியாரின் ஏளனத்தை இந்த வாதத்தோடு ஒன்றாக வைக்கக் கூடாது.

மூன்றாவது வாதம் எதிர்ப் பக்கத்தில் இருந்து வருகிறது: இது மிகக் குறைவு. நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1840இல் மாவோரித் தலைவர்களும் முடியரசும் வைத்தாங்கி ஒப்பந்தம் செய்தார்கள். அதன் மீறல்களை விசாரிக்க 1975இல் ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. 1985இல் 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரமும் அதற்குக் கிடைத்தது. 1994இல் அரசு, எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து ஒரு பில்லியன் டொலர்தான் என்று உச்சவரம்பு வைத்தது. மாவோரிகள் ஊர் ஊராகக் கூடி அதை நிராகரித்தார்கள். இழப்பை அளக்கும் முன்பே தொகையை முடிவுசெய்வது எப்படி நீதியாகும் என்பது அவர்களுடைய கேள்வி. 1995இல் வைக்காற்றோ-தைனுயி மக்களும் 1998இல் ங்காய் தாகு மக்களும் தலா 170 மில்லியன் பெற்றார்கள். அது இழந்த நிலத்தின் மதிப்பில் ஒரு சிறு துண்டு. ஆனால் அவர்களின் பேச்சுவார்த்தையாளர் ஒரு நுட்பம் செய்தார்கள். பின்னால் வருவோருக்கான மொத்தத் தொகை 1994ஆம் ஆண்டு மதிப்பில் ஒரு பில்லியனைத் தாண்டினால், தமக்கு அதில் முறையே 17 வீதமும் 16.1 வீதமும் தொடர்ந்து வரவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தாண்டியது. வந்துகொண்டிருக்கிறது. அங்கே காசோடு வேறும் கிடைத்தன: முடியரசின் எழுத்து மூல மன்னிப்பு, சில நிலங்கள், மலைகளின் பழைய பெயர்கள். 2017இல் வங்கனுயி ஆற்றுக்கே சட்டத்தில் ஓர் ஆளுக்குரிய நிலை கொடுத்தார்கள்.

அவுஸ்திரேலியாவில் கதை வேறு திசையில் போனது. பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பிரதமர் கெவின் ரட் 2008 பெப்ரவரி 13இல் மன்னிப்புக் கேட்டார். கூடவே நட்டஈடு இல்லை. மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் திட்டம் வைத்தன. மத்திய அரசின் பொறுப்பில் இருந்த ஆட்புலங்களில் பறிக்கப்பட்டவர்களுக்கு 75,000 டொலர் திட்டம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது. 13 ஆண்டுக்குள் எத்தனை முதியவர்கள் போயிருப்பார்கள்.

காசு வேண்டாம் என்றவர்கள்

அமெரிக்காவில் லகோற்றா உள்ளிட்ட சூ மக்களுக்குக் கறுப்பு மலைகள் புனிதமானவை. 1868இல் லாரமி கோட்டையில் செய்த ஒப்பந்தம் அவற்றை அவர்களுக்கே உரியவை என்றது. பிறகு அங்கே தங்கம் கிடைத்தது. 1877இல் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எடுத்தது தவறு, நட்டஈடு கொடு என்றது. அன்றைய நில மதிப்பு 17.1 மில்லியன், ஒரு நூற்றாண்டு வட்டியோடு 100 மில்லியன் டொலருக்கு மேல். அவர்கள் அதைத் தொடவில்லை. மலைகள் விற்பனைக்கு இல்லை, திருப்பித் தாருங்கள் என்றார்கள். அந்தக் காசு அரசின் கணக்கில் வட்டியோடு வளர்ந்து ஒரு பில்லியனைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளில் சில அவர்களுடைய குடியிருப்புகள். ஆனாலும் வாங்கவில்லை, ஏனென்றால் வாங்கினால் விற்றதாகிவிடும்.

வலிகாமம் வடக்கைத் தெரிந்தவருக்கு இது புதிதாக இருக்காது. 1990இல் சனங்கள் விட்டு ஓடிய காணிகளில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக 2013இல் அறிவித்தல் ஒட்டினார்கள். சட்டப்படி நட்டஈடு உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்துகொண்டே, காசு வேண்டாம் காணியைத் தா என்றார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017இல் திரும்பக் கிடைத்தது. அன்று காசுக்குச் சம்மதித்திருந்தால் அந்தக் கடல் கிடைத்திருக்காது.

காணாமலாக்கப்பட்டோர் விடயமும் அப்படி. இழப்பீட்டுக்கான அலுவலகத்தை 2018ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கியது. 2022இல் ஒரு குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபா என்று அரசு முடிவுசெய்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய அம்மாக்கள் அதை ஏற்கவில்லை. பிள்ளை எங்கே என்று முதலில் சொல் என்கிறார்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005இல் ஏற்ற கோட்பாடுகளில் பரிகாரத்துக்கு ஐந்து பகுதிகள் சொல்லப்பட்டிருக்கின்றன: இழந்ததைத் திருப்பித் தருதல், காசு, உடலும் மனமும் தேற உதவி, உண்மையும் மன்னிப்பும், இனி நடக்காது என்ற உறுதி. அந்த அம்மாக்கள் அந்தக் கோட்பாட்டைப் படிக்காமலே, ஐந்தில் ஒன்றை மட்டும் தந்துவிட்டுக் கணக்கை முடிக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் குடும்பமும் ஒரே முடிவுக்கு வரவேண்டியதில்லை. வறுமையில் வாங்கியவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் இதே ஐந்தும் உரியவை. அவர்களை விரட்டியது அரசு அல்ல என்பதால் அந்தக் கணக்கு இல்லாமல் போகாது, நம் பக்கத்தில் அதைப் பேசுவது இன்னும் குறைவு என்பதுதான் வேதனை.

இலங்கைக்கும் பூர்வகுடிகள் இருக்கிறார்கள். துரித மகாவலித் திட்டத்தோடு 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, வேடர் சமூகம் தலைமுறையாக வேட்டையாடிய, தேன் எடுத்த காடு அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட நிலமானது. பல குடும்பங்களைக் குடியேற்றத் திட்டங்களுக்கு மாற்றினார்கள். தம்பானையில் தலைவர் திசாஹாமியும் அவரோடு சிலரும் போக மறுத்து அங்கேயே இருந்தார்கள். பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா என்ற நாலு நாடுகளும் எதிராக வாக்களித்தன. இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அதன் 28ஆம் உறுப்பு, சம்மதமின்றி எடுத்த நிலத்தைத் திருப்பித் தரவேண்டும், முடியாவிட்டால் நியாயமான நட்டஈடு தரவேண்டும் என்கிறது. எதிர்த்து வாக்களித்த நாடுகளில் நீதிமன்றங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆதரித்த நாட்டில் வேடருக்கென்று ஒரு தீர்ப்பாயமும் இல்லை. றம்பகன் ஓயாப் பக்கம் காட்டை வெட்டிச் சோளம் பயிரிடக் கொடுத்தபோது, இன்றைய தலைவர் ஊருவரிகே வன்னிலஎத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டி வந்தது.

வாகரையிலும் மூதூர்ப் பக்கத்திலும் வாழும் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள். போரில் அவர்களும் இடம்பெயர்ந்தார்கள், அவர்களுடைய காட்டுக்கும் களப்புக்கும் உறுதி இல்லை. கனடாவின் பில்லியன்களைப் பற்றித் தொலைபேசியில் பேசும் நாம், அவர்களுக்கு யார் என்ன தரவேண்டும் என்று தமிழில் இன்னும் பேசத் தொடங்கவில்லை.